அத்தியாயம் 6: இரண்டு மேசைகளுக்கு நடுவே

முந்தைய அத்தியாயங்களில் உதவித்தொகை, உபகரணம், கல்வி, பயணச் சலுகை என்று ஒவ்வொரு திட்டமாகப் பார்த்தோம். அதையெல்லாம் கேட்டு முடித்ததும் பெற்றோர் பலரும் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள்: "இவ்வளவு இருக்கே, எங்க பிள்ளைக்கு ஏன் வந்து சேரல?" திட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு துறையின் வேலை முடிந்து இன்னொரு துறையின் வேலை தொடங்குகிற இடத்தில்தான் பதில் இருக்கிறது. சான்றிதழில் கையெழுத்திட்டதும் மருத்துவமனையின் கடமை முடிகிறது. 18 வயதில் பதிவேட்டில் கோடு போட்டதும் பள்ளியின் கடமை முடிகிறது. அங்கிருந்து கோப்பை அடுத்த மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எந்த அலுவலருக்கும் கிடையாது. பெரும்பாலும் அம்மாதான் அதைச் சுமக்கிறார், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

அந்த நடு இடங்கள் எங்கெங்கே வரும், அங்கே போய் நிற்பதற்கு முன் கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். உதாரணங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. சட்டங்கள் நாடு முழுவதற்கும் பொது.

சான்றிதழ் வாசலில்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தன. ஆட்டிசம், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, கற்றல் குறைபாடு, பார்கின்சன், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எனப் பட்டியல் விரிந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் அரசு கையில் வைத்திருக்கும் மக்கள்தொகைக் கணக்கு 2011ஆம் ஆண்டினுடையது. அதன்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். ஆட்டிசத்துக்கோ தலசீமியாவுக்கோ அந்தக் கணக்கெடுப்பில் தனிக் கட்டமே கிடையாது. எண்ணப்படாதவர்களுக்கு மருத்துவர் பணியிடமும் ஒதுக்கப்படுவதில்லை, பரிசோதனைக் கருவியும் வாங்கப்படுவதில்லை.

பேசாத, கூப்பிட்டால் திரும்பாத இரண்டு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். காது கேட்கிறதா என்று உறுதியாகச் சொல்ல 'பெரா' என்ற பரிசோதனை வேண்டும். குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலியைச் செலுத்தி, நரம்பு பதில் தருகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கருவி தாலுகா மருத்துவமனையில் இருக்காது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். "நைட்டு தூங்க விடாம வச்சிருந்து கூட்டிட்டு வாங்கம்மா" என்பார்கள். விடிய விடியக் குழந்தையை விழிக்கவைத்து, பேருந்தில் கண்ணயராமல் கதை சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தால், வரிசை நகர்வதற்குள் குழந்தை தோளிலேயே தூங்கி, முறை வரும்போது எழுந்துவிடும். பிறகு வேறொரு நாள் வரச் சொல்வார்கள். இங்கே பயண நேரத்தையும் வரிசை நேரத்தையும் குழந்தையின் தூக்கத்தோடு சேர்த்து யோசிக்க ஒருவரும் இல்லை. முதல் நாளே தனியாகப் போய், பரிசோதனை அறையில் இருப்பவரிடம் நேரம் குறித்துவாங்குங்கள். முடிந்தால் அக்கம்பக்கத்திலேயே தங்கிவிடுங்கள். பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கவனிக்க 2013இல் தேசிய சிறார் நலத் திட்டத்தில் உருவான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ வரும் மருத்துவக் குழுவிடம் அந்த மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

அடுத்தது சதவீதம். "பர்சன்டேஜ் எவ்வளவு போட்டாங்க?" என்பதுதான் மருத்துவமனை வளாகத்தில் குடும்பங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. வேலைவாய்ப்பில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்ற இட ஒதுக்கீடுகளும் பெரும்பாலான உதவிகளும் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு கண்ணில் பார்வை முழுவதும் போய், மற்றொரு கண் நன்றாக இருந்தால் மதிப்பீட்டு விதிகளின்படி 30 சதவீதம். அறிவுத்திறன் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு 25 சதவீதம். இவர்களிடம் குறை இருக்கிறது என்று அரசே சான்று தருகிறது. ஆனால் உதவி என்று கேட்டால் கதவு மூடியிருக்கிறது. எல்லைக்கோட்டுப் பிள்ளை சிறப்புப் பள்ளியிலும் சேராது, சாதாரண வகுப்பிலும் தொடர முடியாமல் தவிக்கும். என் பார்வையில் இந்த அமைப்பின் மிகக் கொடிய ஓட்டை இதுதான். குறை வெளியே தெரியாததால் அந்தப் பிள்ளைக்காகப் போராடவும் ஆள் இல்லை.

ஆனாலும் 40க்குக் கீழே வந்தால் சான்றே வேண்டாம் என்று திரும்பிவிடாதீர்கள். வாங்கிவையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையிலேயே 40க்குக் குறைவானவர்களுக்கு வெள்ளைப் பட்டை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என்று மூன்று நிறம் உண்டு. பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு 40 சதவீதத்தைப் பார்ப்பதில்லை. மதிப்பீடு தவறு என்று நினைத்தால் முடிவு வந்த 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பழைய சிகிச்சைக் குறிப்புகள், ஸ்கேன், சிறப்பாசிரியர் எழுதிய அறிக்கை ஆகியவற்றை அத்தோடு இணையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அட்டைக்கான விண்ணப்பம் இப்போது இணையதளம் வழியாகத்தான். 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தம், சான்று வழங்கும் கால அவகாசத்தை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டியது. மருத்துவக் குழு இரண்டு ஆண்டுகளாக முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அதை மீண்டும் செயல்படுத்தச் சொல்லி அலுவலகத்தை அணுக வேண்டும். தாமதம் அலுவலகத்துடையது, தண்டனை குடும்பத்துக்கு! இ-சேவை மையத்தில் பதிவு செய்த அன்றே பதிவு எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு வாங்குங்கள். கைபேசியில் படம் எடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கைபேசி தொலைந்தால் எண்ணும் போய்விடும்.

கை விரல்கள் மடங்கி இறுகிப்போன பிள்ளைக்கு ரேகை பதியாது. தலை நிற்காத பிள்ளைக்குக் கருவிழிப் படம் விழாது. ஆதார் மையத்தில் "ரேகை விழலம்மா, பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டால், ஆதார் இல்லாமல் அட்டை இல்லை, அட்டை இல்லாமல் உதவித்தொகை இல்லை. ரேகையும் கருவிழியும் பதிய முடியாதவர்களுக்கு விதிவிலக்காகப் பதிவு செய்ய ஆதார் ஆணையத்தின் நடைமுறையிலேயே இடமிருக்கிறது. "பயோமெட்ரிக் விதிவிலக்கு" என்ற சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள்.

எந்த அலுவலகத்துப் பணம்?

ஊரில் எல்லா உதவித்தொகைக்கும் ஒரே பெயர்தான், 'ஓ.ஏ.பி. பணம்', அதாவது முதியோர் ஓய்வூதியம். இந்தக் குழப்பத்தில் மாதக்கணக்கில் பணத்தை இழந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதப் பணம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட ஓய்வூதியம். இதற்கு வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும். 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாய் 1,500 ஆனது இந்தத் தொகைதான். இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். சிறுவர்களுக்கும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது.

இடைவெளி இங்கேதான் திறக்கிறது. முதலில் சொன்னதை வாங்கிக்கொண்டிருப்பவர் கூடுதல் தொகைக்காக இரண்டாவதுக்கு மாற வேண்டுமென்றால், வட்டாட்சியர் அலுவலகத்தில் நிறுத்த ஆணை வாங்கி நலத்துறையில் கொடுக்க வேண்டும். அங்கே நிறுத்துவது உடனே நடந்துவிடும். இங்கே சேர்ப்பது நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது, காத்திருப்போர் பட்டியல் இருக்கும். நடுவில் மாதங்கள் பணமே வராமல் போகும். ஆகவே நலத்துறையில் முதலில் விண்ணப்பம் கொடுத்து, உங்கள் பெயர் அனுமதிக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே பழையதை நிறுத்தச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் 80 சதவீதப் பாதிப்பும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதும் கட்டாயம். 18 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் வைத்த தொகை. ஒரு மாதத்து டயாப்பர் செலவில் சிறு பகுதிக்குக்கூட அது காணாது. மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது அதிகம் தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. மனு எழுதும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

பராமரிப்பு உதவித்தொகை திடீரென நின்றால் முதலில் பார்க்க வேண்டியது வாழ்நாள் சான்று. ஆண்டுக்கு ஒருமுறை கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டிய சான்று அது. படுக்கையில் இருப்பவரை நேரில் கொண்டுவரச் சொன்னால், வீட்டுக்கு வந்து பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். வாடகை வீடு மாறி வேறு மாவட்டம் போனால், பழைய அலுவலகத்தில் கோப்பு மாற்றக் கடிதம் வாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில் சலுகை பற்றி ஒரு வார்த்தை. 21 வகையினர் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. பார்வை முற்றிலும் இல்லாதவர்கள், காது கேளாமையும் பேச்சின்மையும் முழுமையாகச் சேர்ந்திருப்பவர்கள், துணையின்றிப் பயணம் செய்ய முடியாத உடல் இயக்கக் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்கள் ஆகியோருக்கே உண்டு. அதற்கென ரயில்வேயின் படிவத்தில் தனிச் சான்றும் வேண்டும். மருத்துவக் குழுவுக்குப் போகிற நாளிலேயே அந்தப் படிவத்தையும் அச்செடுத்துக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம்.

பதினெட்டாவது பிறந்தநாள்

மற்ற வீடுகளில் கொண்டாட்டமாக வருகிற நாள் இது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், அன்றைக்கு ஒரே நேரத்தில் பல கதவுகள் அடைபடுகின்றன.

6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்ற உரிமை அன்றோடு முடிகிறது. வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கே வந்து கற்பித்த சிறப்புப் பயிற்றுநரின் வருகையும், வாரம் ஒருமுறை கிடைத்த இயன்முறைப் பயிற்சியும் நிற்கின்றன. குழந்தைகள் மருத்துவப் பிரிவில் பத்தாண்டுகளாக இந்தப் பிள்ளையை அறிந்த மருத்துவரை இனி பார்க்க முடியாது. பெரியவர்கள் பிரிவில் யாருக்கும் இவனைத் தெரியாது. சிறுவயதில் வாங்கிய சான்றிதழையும் 18இல் புதுப்பிக்க வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கு 8, 14, 18 வயதுகளில் மதிப்பீடு. அறிவுசார் குறைபாட்டுக்கு 5, 10, 18. பதினெட்டில் வாங்குவதுதான் ஆயுளுக்கும் செல்லும்.

வங்கியில் நடப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். மகனுடைய கணக்கிலிருந்து உதவித்தொகையை எடுக்க வந்த அம்மாவிடம், "பையன் மேஜர் ஆயிட்டான்மா, இனி நீங்க கையெழுத்துப் போட முடியாது" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அந்த இளைஞன் சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தான். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கி மூடியைத் திறந்து திறந்து மூடினான், அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. அம்மா பேனாவை மெதுவாக வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேற என்ன வழிங்க?" என்று கேட்டார். வழி தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

வழி 1999ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்த ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று இருக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று உள்ள, 18 வயது நிறைந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை அந்தக் குழு நியமிக்கும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அந்தச் சான்றை வைத்துக் கணக்கு தொடங்கவும் நடத்தவும் வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. கிளையில் மறுத்தால் அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் காட்டுங்கள். குழு எப்போது கூடும் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். அதனால் பதினேழரை வயதிலேயே ஆவணங்களைத் திரட்டுங்கள்: பிறப்புச் சான்று, குறைபாட்டுச் சான்று, பெற்றோர் இருவரின் அடையாள அட்டைகள், இருவர் ஒப்புதல், ஒருவர் இல்லையென்றால் இறப்புச் சான்று. 18 முடிந்த வாரமே விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது.

மனநோயால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் இந்தக் குழுவிடம் போனால் திரும்பி வர நேரிடும், அந்த நான்கில் அது இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் நியமனப் பிரதிநிதி, சிகிச்சை பற்றிய முடிவுகளுக்குத்தான் உதவுவார். வங்கிக்கும் சொத்துக்கும் செல்லாது. அதற்கு 2016 சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் கேட்டு மனுச் செய்ய வேண்டும். இதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியை நாடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987 சட்டத்திலேயே உள்ள உரிமை.

18க்குப் பிறகு பகல் பொழுதை எங்கே கழிப்பது? இதற்கு அரசிடம் உள்ள பதில் மிக மெலிந்தது. 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான தொழிற்பயிற்சி இல்லங்கள், அரசு நிதியுதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை, மாவட்டங்களில் உண்டு, இடங்கள் குறைவு. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. பேச்சுப் பயிற்சி, இயன்முறை, உளவியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது நெடுநாள் கோரிக்கை, வரவேற்கிறேன். உங்கள் வட்டாரத்தில் மையம் வந்துவிட்டால் பெரியவர்களையும் பதிவு செய்யுங்கள். குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடாதீர்கள்.

தூக்கிச் சுமப்பவருக்கு

முப்பது வயது மகனைக் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்லும் அறுபது வயது அம்மாவின் இடுப்புக்கு எந்தத் துறையிலும் பதிவேடு கிடையாது. அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்கு மதிப்பீட்டுக் குழு மூலம் ஆதரவு கேட்கும் உரிமையை 2016 சட்டத்தின் 38ஆவது பிரிவும், பராமரிப்பாளர் படியை 24ஆவது பிரிவும் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இத்தகையவர்களுக்கு உதவியாளர் படியாக மாதம் 1,000 ரூபாய் உண்டு. பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது இதையும் சேர்த்து, தனி மனுவாக, கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள். ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏற்பாடு இன்னும் வரவில்லை. அது வரும்வரை, இதே நிலையில் உள்ள நான்கைந்து குடும்பங்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் பழகிவைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் பலன் தந்திருக்கிறது. பிள்ளைக்கு என்ன மருந்து, எந்த வேளை, எதைக் கண்டால் பயம், எப்படிச் சாப்பிடும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் தெரியும் இடத்தில் வையுங்கள்.

பெற்றோரில் ஒருவர் அரசுப் பணியில் இருந்தாலோ ஓய்வு பெற்றிருந்தாலோ, சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் வரும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை மருத்துவச் சான்றோடு ஓய்வூதியப் பதிவில் சேர்த்துவிட வேண்டும். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்ட குடும்பங்களில், அண்ணனோ தங்கையோ ஆண்டுக்கணக்கில் கருவூலத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடக்கிறார்கள்.

கேட்டும் கிடைக்காதபோது

வாய்மொழியாகச் சொல்லும் மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே எதைக் கேட்டாலும் வெள்ளைத் தாளில், தேதியிட்டு, இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கும் எண் உண்டு, 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதியும் புகாருக்கும் எண் உண்டு. எல்லா எண்ணையும் ஒரே நோட்டில் குறியுங்கள்.

வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு என்ற புகார்களுக்கு ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 23ஆவது பிரிவு. புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். அலுவலகத்தில் அப்படி யாருமே இல்லை என்றால், "உங்கள் அலுவலகத்தின் 23ஆவது பிரிவு அலுவலர் யார், நியமித்த தேதி என்ன?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பல இடங்களில் அந்தக் கேள்வி போன பிறகுதான் அலுவலரே நியமிக்கப்படுகிறார்.

கடைசிப் படி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். தமிழில் எழுதிய மனு போதும். என்ன கேட்டீர்கள், எந்தத் தேதியில், யாரிடம், என்ன பதில் வந்தது என்பதைத் தேதி வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, முத்திரை வாங்கிய பிரதிகளை இணையுங்கள். ஆணையர் ஒரு துறைக்குப் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை அந்தத் துறை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பரிந்துரையை ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தை ஆணையருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எழுத வேண்டும் என்று அதே சட்டத்தின் 81ஆவது பிரிவு சொல்கிறது. மூன்று மாதம் முடிந்த மறுநாள், எந்தக் கடிதமும் வராவிட்டால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் வழக்கறிஞர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த நினைவூட்டலின் அஞ்சல் ரசீதைத்தான்.